பெரியம்மா வீட்டு கார்ட்லெஸ் போன்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சென்னையிலிருந்து அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், கூப்பிட்டாள். குரலில் நடுக்கம். "அம்மா போனை எடுக்கலடா. ஆறு தடவை அடிச்சிட்டேன். ரிங் போவுது, எடுக்க மாட்றாங்க."

நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். பெரியம்மா தனியாக இருப்பது குடியாத்தத்தில். பஸ் பிடித்துப் போனாலும் ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டு அம்மாவின் செல்லுக்கு அடித்து, கதவைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்தபோது பெரியம்மா கிணற்றடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கார்ட்லெஸ் போனில் கையில் எடுத்துப் பேசும் பகுதியான ஹேண்ட்செட் பக்கத்திலேயே, துவைக்கிற கல்லின் மேல் இருந்தது. அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

அந்த போனை ஐந்து வாரம் முன்பு வாங்கி வைத்துவிட்டு வந்தவன் நான். இருபது வருடமாக வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இன்டர்காம், எக்ஸ்டென்ஷன் லைன் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். அதனால் அக்காவின் அந்த ஆறு அழைப்புகள் என்னை மிகவும் உறுத்தின. எங்கே தவறு நடந்தது, எதை மாற்றினோம், மாற்றியபின் என்ன ஆனது என்று ஐந்து மாதம் ஒரு நோட்டில் குறித்து வைத்தோம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு கார்ட்லெஸ் போன் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

வீடும் ஆளும்

பெரியம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பெரியப்பா லுங்கி நெசவில் இருந்தவர். வீடு அந்தக் காலத்து நீள வீடு: திண்ணை, முன்னறை, தறி இருந்த கூடம், படுக்கையறை, சமையலறை, பின்னால் கிணற்றடி. தெருவாசலிலிருந்து கிணற்றடி வரை நாடா பிடித்து அளந்தேன், 68 அடி. குறுக்குச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம்.

அவரிடம் செல்போன் இருக்கிறது. ஆனால் விரல் நுனி காய்ந்து போனதால் தொடுதிரை அவர் தொட்டால் கேட்பதில்லை. பாதி நாள் அதில் சார்ஜும் இருக்காது. நாற்பது வருடமாக அவருக்குப் பழகியது முன்னறையில் இருந்த சிவப்பு வயர் போன்தான். பின்கட்டில் இருக்கும்போது அது அடித்தால், நின்றுவிடப் போகிறதே என்று ஓடிவருவார். அப்படி ஓடிவந்து ஒருநாள் நிலைப்படி தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எல்லோரும் கூடியபோது, கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற போன் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

லைன் பழைய செப்புக் கம்பி இல்லை. ஃபைபருக்கு மாறிவிட்டது. முன்னறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் பின்னால் போனுக்கு ஒரு துளை. வைஃபையும் அதே பெட்டிதான். மாடியில் குடியிருக்கும் காலேஜ் பையன் அந்த வைஃபையைப் பயன்படுத்துகிறான்.

நான் முதலில் வைத்த விதம்

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்யும் ஒரு கார்ட்லெஸ் செட்டை வாங்கிக்கொண்டு போனேன். ஃபைபர் பெட்டியிலிருந்து லைன் வயரைப் பேஸில், அதாவது ஹேண்ட்செட்டை நிறுத்திச் சார்ஜ் ஏற்றும் அடிப்பெட்டியில், சொருகினேன். அடாப்டரை அங்கிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டேன். ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் இரும்பு பீரோ இருந்தது, பேஸை அதன் தலையில் வைத்தேன். ஹேண்ட்செட்டில் கூடவே வந்த இரண்டு பேட்டரிகளைப் போட்டு, ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, என் செல்லிலிருந்து அடித்துப் பார்த்தேன். மணி அடித்தது, குரல் தெளிவாக இருந்தது. அக்கா, அண்ணன், என் நம்பர்களை ஏற்றினேன். சிவப்பு போனைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு பரணில் வைத்தேன். சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

இதில் ஐந்து தவறு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். வயர் எங்கே வருகிறதோ அங்கே போனை வைத்தேன். பெரியம்மா எங்கே நடக்கிறார், எங்கே உட்காருகிறார், கரண்ட் போனால் என்ன செய்வார் என்று பார்க்கவில்லை.

ரிங் போனது, ஆனால் அடிக்கவில்லை

அந்த வியாழக்கிழமை மத்தியானம் குடியாத்தம் போய்ச் சேர்ந்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. பேஸின் அடாப்டர் கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு செல் சார்ஜர். மேலே இன்னொரு பிளக்குக்கு இடமில்லாமல் மாடிப் பையன் கீழே வந்து போட்டிருக்கிறான். அவன் மேல் குற்றமில்லை. அந்தச் சின்னக் கறுப்பு அடாப்டர் எதற்கு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஒருவரைக் கூப்பிடும்போது நம் காதில் விழும் "ட்ரிங் ட்ரிங்" அவர் வீட்டு மணியின் சத்தம் இல்லை. அதை நமக்குக் கேட்கவைப்பது டெலிபோன் வலையமைப்பு. அந்த லைனுக்கு மணி அனுப்பப்படுகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் இருந்தது, லைன் உயிரோடு இருந்தது, அதனால் அக்காவுக்கு ரிங் கேட்டது. ஆனால் பேஸுக்குக் கரண்ட் இல்லை. ஹேண்ட்செட் லைனோடு நேரடியாகப் பேசுவதில்லை, பேஸோடு மட்டும்தான் ரேடியோவில் பேசும். பேஸ் செத்தால் ஹேண்ட்செட்டில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் பயனில்லை.

"ரிங் போகிறது, எடுக்கவில்லை" என்பது தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட செய்தி என்று யோசித்துப் பாருங்கள். தொடர்பு கிடைக்கவில்லை என்று பதிவுக் குரல் சொன்னால் லைன் கோளாறு என்று மனம் கொஞ்சம் சமாதானமாகும். ரிங் போய்க்கொண்டே இருந்தால் மனம் நேராகக் குளியலறைத் தரைக்குத்தான் போகும். அக்கா அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை.

முதல் வேலையாகப் பரணிலிருந்து சிவப்பு போனை இறக்கினேன். இரட்டைத் துளை ஜாக் ஒன்றைப் போட்டு, அதே லைனில் இரண்டையும் சேர்த்தேன். வயர் போனுக்குத் தனிக் கரண்ட் தேவையில்லை, லைனில் வரும் மின்சாரமே போதும். பேஸ் செத்தாலும் சிவப்பு போன் அடிக்கும். கார்ட்லெஸ் வைக்கும் வீட்டில் ஒரு சாதாரண வயர் போனும் லைனில் இருந்தே ஆக வேண்டும் என்பதை இப்போது நான் போகிற வீட்டிலெல்லாம் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

வயர் போன் இருப்பதில் இன்னொரு பயன், கோளாறு லைனிலா செட்டிலா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கார்ட்லெஸில் கரகரப்பு வந்தால் வயர் போனை எடுத்துக் கேட்க வேண்டும். அதிலும் கரகரத்தால் லைன் கோளாறு, புகார் எழுதலாம். அதில் சுத்தமாக இருந்தால் வீட்டுக்குள் தேட வேண்டியதுதான்.

சமையலறையில் குரல் உடைந்தது ஏன்

பெரியம்மா என்னிடம் சொல்லாமலே பொறுத்துக்கொண்டிருந்த குறை ஒன்று இருந்தது. சமையலறையில் பேசினால் குரல் விட்டுவிட்டு வரும், கிணற்றடிக்குப் போனால் 'பீப்' என்று கத்திவிட்டு அறுந்துவிடும். "உனக்கு வேலை இருக்குமே கண்ணு, எதுக்குச் சொல்லணும்னு உட்டுட்டேன்" என்றார். பெரியவர்களிடம் "போன் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "சமையலறையில் நின்று என்னோடு இரண்டு நிமிடம் பேசுங்கள்" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பேஸை இரும்பு பீரோவின் தலையில் வைத்தது இதற்கு முதல் காரணம். பெரிய இரும்புப் பரப்பு ரேடியோ அலையை மறைக்கும், திருப்பியடிக்கும். இரண்டாவது, வைஃபை பெட்டிக்கு ஒரு முழம் தூரத்தில் பேஸ் இருந்தது. அந்த வைஃபையும் இந்தப் போனும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வேலை செய்பவை. பையன் மாடியில் படம் பார்க்கும் நேரத்தில் குரல் அதிகம் உடைந்தது அதனால்தான். மூன்றாவது, வீட்டின் ஒரு கோடியில் பேஸ், மறு கோடியில் பெரியம்மா, நடுவில் நான்கு கனத்த சுவர்கள். செட்டின் அட்டைப்பெட்டியில் திறந்தவெளியில் 300 மீட்டர் வரை என்று போட்டிருக்கும். வீட்டுக்குள் 50 மீட்டர் என்பார்கள். அந்த 50 மீட்டரும் ஒன்றரை அடிச் சுவர் உள்ள வீட்டுக்குப் பொருந்தாது.

இடத்தை முடிவு செய்ய ஒரு எளிய சோதனை செய்தேன். பேஸை நீளமான லைன் வயரில் போட்டு ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தோம். பெரியம்மா ஹேண்ட்செட்டோடு தன் வழக்கமான நடையை நடந்தார்: பூஜை மாடம், அடுப்படி, கிணற்றடி, துணி காயும் கொடி, திண்ணை. நான் என் செல்லிலிருந்து அவரோடு பேசிக்கொண்டே, எங்கே உடைகிறது என்று குறித்தேன். தறிக் கூடத்தின் நடுச்சுவர், மர அலமாரித் தட்டு, தோள் உயரம். அங்கே வைத்தபோது கிணற்றடி வரை ஒரு சொல்லும் விடவில்லை. திண்ணையில் மட்டும் லேசாகத் தேய்ந்தது, அது பரவாயில்லை.

ஃபைபர் பெட்டியிலிருந்து அந்த அலமாரி வரை 12 மீட்டர் டெலிபோன் வயர் இழுத்தேன். லைனுக்கு வேண்டியது இரண்டே கம்பிதான். ஜாக்கில் நடுவில் இருக்கும் இரண்டு முனைகளில் அது வர வேண்டும். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக ஆணி கிளிப்பில் ஓட்டினேன். பையனிடம் கேட்டுக்கொண்டேன், அவன் தன் போனையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிக்கொண்டான். அதன்பிறகு உடைவு நின்றது.

இன்னொரு ஹேண்ட்செட் வாங்கினால் தூரம் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. எத்தனை ஹேண்ட்செட் இருந்தாலும் எல்லாமே அந்த ஒரே பேஸோடுதான் பேசும். ஆனால் இரண்டாவது ஹேண்ட்செட் வேறொரு விதத்தில் உதவும். அதன் சார்ஜருக்கு டெலிபோன் லைன் தேவையில்லை, ஒரு பிளக் இருந்தால் போதும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தோம். இரவு எழுந்து இருட்டில் நடக்க வேண்டியதில்லை.

நம்பருக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

நான் ஏற்றி வைத்த நம்பர்கள் எதுவும் போகவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. பெரியம்மா பொத்தானை அழுத்துவார், ஏதோ ஒரு பதிவுக் குரல் பேசும், வைத்துவிடுவார். பிள்ளைகள்தான் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டார்.

2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல் நம்பருக்குப் போட்டாலும், அது உள்ளூர் நம்பராகவே இருந்தாலும், முன்னால் 0 சேர்க்க வேண்டும். நான் பழக்கத்தில் பத்து இலக்கத்தை அப்படியே ஏற்றியிருந்தேன். எல்லாவற்றுக்கும் 0 சேர்த்து மறுபடி ஏற்றினேன்.

இதில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. தவறிய அழைப்புகளின் பட்டியலில் செல் நம்பர் 0 இல்லாமல்தான் வந்து நிற்கிறது. அதை அப்படியே அழுத்தினால் போகாது. பெரியம்மா அந்தப் பட்டியலைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 1 அழுத்திப் பிடித்தால் அக்கா, 2 அண்ணன், 3 நான், 4 பக்கத்து வீட்டு அம்மா. செட்டின் மெனு முழுக்க ஆங்கிலம், அதனால் ஒரு அட்டையில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். அடியில் சிவப்பு மையில் 108, 112. இவற்றுக்கு முன்னால் 0 வேண்டியதில்லை என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேட்டேன். வெளியிலிருந்து கூப்பிடுபவர்களுக்குக் குடியாத்தம் கோடு 04171. வேலூர் நகரத்தின் 0416 என்று நினைத்துப் போட்டு, கிடைக்கவில்லை என்று சொன்ன உறவினர்களும் உண்டு.

பேட்டரி

ஆவணி நடுவில் ஹேண்ட்செட் ஒருநாள் முழுக்கத் தாங்காமல் அணைந்தது. பக்கத்து மளிகைக் கடையில் பெரியம்மா பேட்டரி கேட்டிருக்கிறார். கொடுத்தது டிவி ரிமோட்டில் போடும் பேட்டரி, அதே ஒல்லி அளவு. போட்டுப் பேசியும் இருக்கிறார். நல்லவேளை, மறுநாளே என்னிடம் சொன்னார்.

இது ஆபத்து. கார்ட்லெஸ் ஹேண்ட்செட்டில் போட வேண்டியது மறுபடி சார்ஜ் ஏறும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், அது சார்ஜ் ஏறுவதற்குச் செய்ததில்லை. அதை ஹேண்ட்செட்டில் போட்டு பேஸில் நிறுத்தினால் பேஸ் அதற்கும் சார்ஜ் தள்ளும். சூடாகும், கசியும், வெடிக்கவும் கூடும். அளவு ஒன்றாக இருப்பதால் கண்ணால் வித்தியாசம் தெரியாது. பேட்டரி மூடியின் உள்ளே "என்னைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

புது பேட்டரி விஷயத்திலும் நான் அவசரப்பட்டேன். முதல் தடவை ஏழு மணி நேரம் ஏற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது, நான் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். ஆனால் அது அவ்வளவு சீக்கிரம் தளர்ந்ததற்கு முக்கியக் காரணம் சூடாகத்தான் இருக்க வேண்டும். பீரோ இருந்தது மேற்குப் பார்த்த ஜன்னலோரம். நம் வேலூர்ச் சீமை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். சாயங்கால வெயில் நேரே விழும் இடத்தில் அந்த இரும்பு இன்னும் சுடும். அந்தச் சூட்டில் இந்த வகைப் பேட்டரி ஒழுங்காகச் சார்ஜ் ஏறாது, ஆயுளும் குறையும். தறிக் கூடம் வீட்டிலேயே குளிர்ந்த அறை. அங்கே மாற்றியது இதற்கும் நல்லதாகப் போனது. சார்ஜ் ஏறும் உலோக முனைகளில் மஞ்சளும் எண்ணெயும் படிந்திருந்தன, அடுப்படியிலிருந்து நேரே எடுப்பதால். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கச் சொன்னேன், அதைத் தவறாமல் செய்கிறார்.

சுருக்குப்பை

புரட்டாசியில் புதிதாக ஒரு புகார். எப்போது அடித்தாலும் என்கேஜ்டு. ஹேண்ட்செட்டைப் பெரியம்மா இடுப்பில் சொருகிக்கொண்டு வேலை செய்வார். குனிந்து நிமிரும்போது பேசும் பொத்தான் அழுந்தி, லைன் திறந்தே கிடந்திருக்கிறது. பொத்தான் பூட்டு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் பூட்டித் திறப்பது அவருக்குச் சரிப்படவில்லை. வழி கண்டுபிடித்தது அவரேதான். பழைய சேலைத் துண்டில் ஹேண்ட்செட் அளவுக்கு ஒரு சுருக்குப்பை தைத்தார். உள்ளே பொத்தான் பக்கம் ஒரு தடித்த அட்டை. மணி அடித்தால் துணி வழியே நன்றாகக் கேட்கிறது. என்கேஜ்டு புகார் அதோடு முடிந்தது. எந்தக் கம்பெனி கொடுக்கும் கிளிப்பைவிடவும் இது மேல் என்பது என் கருத்து.

இராத்திரி சாப்பிட்டதும் ஹேண்ட்செட்டைப் பேஸில் நிறுத்துவது மட்டும் கட்டாயம். நிறுத்தினாலே லைன் தானாக மூடிவிடும், சார்ஜும் ஏறும். எங்கே வைத்தோம் என்று மறந்தால் பேஸில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஹேண்ட்செட் கூவும். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை அப்படிக் கிடைத்தது.

கரண்ட் இல்லாத நாள்

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிற்கும். செப்புக் கம்பிக் காலத்தில் அது போனைப் பாதிக்காது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் லைனிலேயே வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் வயர் போன் பேசும். ஃபைபரில் அப்படியில்லை. கண்ணாடி இழை வழியே வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் போனால் கார்ட்லெஸ் மட்டுமல்ல, சிவப்பு போனும் ஊமையாகிவிடும். ஃபைபருக்கு மாறிய பல வீடுகளில் பெரியவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவர்கள் இன்னமும் "கரண்ட் போனாலும் வீட்டு போன் இருக்கே" என்ற தைரியத்தில் இருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் அதில் படுக்கையறை ஃபேனும் இரண்டு விளக்கும் மட்டுமே. எலக்ட்ரீஷியனை வைத்து ஃபைபர் பெட்டிக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று என இரண்டு இன்வெர்ட்டர் பாயின்ட் போட்டோம். ஃபைபர் பெட்டியின் அடாப்டர் 12 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது முழுச் சுமையிலும் 12 வாட். பேஸ் அதைவிடக் குறைவு. ஒரு ஃபேன் இழுப்பதில் கால் பங்குக்கும் குறைவு என்பதால் இன்வெர்ட்டருக்கு இது பாரமே இல்லை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், ஃபைபர் பெட்டிக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போட்டாலே வயர் போன் பேசும். பேஸின் அடாப்டரையும் அதையும் மாற்றிச் சொருகிவிடக் கூடாது, எங்கள் பேஸுக்கு வேண்டியது 6.5 வோல்ட். இரண்டு அடாப்டரிலும் பெயின்டால் எழுதி, சுவிட்ச் மேல் "கழற்றாதீர்கள்" என்று டேப் ஒட்டியிருக்கிறேன். மாடிப் பையனுக்குத் தனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாயிற்று.

தெருவில் ஃபைபர் அறுந்தால் மட்டும் வீட்டுக்குள் செய்த எதுவும் உதவாது. ஐப்பசி மழையில் ஒரு தடவை அப்படி ஆனது, இரண்டு நாள் லைன் இல்லை. அதற்காக ஒரு பொத்தான் செல்போன் வாங்கி வைத்தோம், அது பேஸ் பக்கத்திலேயே எப்போதும் சார்ஜில் இருக்கிறது.

கார்த்திகையில் பராமரிப்பு மின்தடை அன்று நான் வேண்டுமென்றே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சத்துவாச்சாரியிலிருந்து அடித்தேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் கிணற்றுக் கப்பி சுற்றும் சத்தம் கேட்டது.

"இன்னா கண்ணு, சாப்ட்டியா? இங்க காலையிலேர்ந்து கரண்டு இல்ல. மோட்டார் ஓடல, தண்ணி சேந்திக்கினு இருக்கேன். இரு, வாளியக் கீழ வச்சிட்டுப் பேசறேன்."

முழங்காலை வைத்துக்கொண்டு கிணற்றில் தண்ணீர் சேந்தக் கூடாது என்று கால் மணி நேரம் சண்டை போட்டேன். ஒரு சொல்கூட உடையவில்லை.